பிரேக் லைட் எரியலை: பல்பு புதுசு, ஸ்விட்ச் புதுசு, 12 வோல்ட்டும் வருது

#1 ஒத்தைவிளக்கு

வணக்கம் நண்பர்களே. வண்டி ஒரு ஹேட்ச்பேக், பெட்ரோல், மேனுவல் கியர், கொஞ்சம் பழைய மாடல். பின்னாடி கீழ இருக்குற ரெண்டு பிரேக் லைட்டும் எரியலை. டெயில் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் எல்லாம் ஒழுங்கா இருக்கு. டிக்கி கதவு மேல இருக்குற மூணாவது பிரேக் லைட், அது எல்இடி, அது மட்டும் எரியுது.

இதுவரைக்கும் செஞ்சது: ரெண்டு பல்பும் மாத்தியாச்சு. ரெண்டு ஃபிலமென்ட் உள்ள 21/5 வாட் பல்பு, பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5. பெடல்கிட்ட இருக்குற ஸ்விட்சும் புதுசு. ஃப்யூஸை உருவிப் பார்த்தேன், உள்ள கம்பி அறுபடலை. பல்பைக் கழட்டிட்டு ஹோல்டர்ல மீட்டர் வச்சேன், பெடலை மிதிச்சா 12.4 வோல்ட் காட்டுது. கரண்ட் வருது, பல்பும் நல்ல பல்பு, ஆனா மாட்டினா எரியலை. அடுத்து எங்க கை வைக்கிறது?

#2 பெடல்ராஜா

ஸ்விட்ச்தான். புதுசுன்னு சொல்றீங்க, ஆனா மாத்தும்போது அட்ஜஸ்ட் பண்ணீங்களா? பெடல் மேல வந்து நிக்கும்போது ஸ்விட்சோட மூக்கை அழுத்திட்டு இருக்கணும். மிதிச்சா மூக்கு வெளிய வரும், உள்ள காண்டாக்ட் சேரும். ரொம்ப உள்ள தள்ளி மாட்டிட்டா முழுசா மிதிச்சாத்தான் சேரும், அதுவும் அரைகுறையா. கம்பெனி ஸ்விட்ச் போடுங்க, வெளி ஸ்விட்ச் பாதி டப்பா.

#3 செம்புக்கம்பி

ராஜாண்ணே, ஸ்விட்ச் போயிருந்தா மேல இருக்குற மூணாவது லைட் எப்படி எரியும்? அதுக்கும் அதே ஸ்விட்ச்தானே. என் கணக்குல இது எர்த் கோளாறு. ரெண்டு பக்க விளக்குக்கும் பாடியில ஒரே போல்ட்ல எர்த் அடிச்சிருப்பாங்க, அது துரு பிடிச்சிருக்கும். போல்ட்டைக் கழட்டி, தகரத்தைச் சுரண்டி, மறுபடி முறுக்குங்க.

#4 பெடல்ராஜா

எர்த் போயிருந்தா டெயில் லைட்டும் ஒழுங்கா எரியாதே தம்பி. அதே ஹோல்டர், அதே எர்த். பிரேக் மிதிச்சா டெயில் லைட் மங்கும், இண்டிகேட்டர் கிறுக்குத்தனமா மினுக்கும், கரண்ட் போக வழி இல்லாம அடுத்த ஃபிலமென்ட் வழியா சுத்திப் போகப் பார்க்கும். அவர் அப்படி எதுவும் சொல்லலையே.

#5 மீட்டர்கை

எர்த் பத்தி ராஜா சொன்னது சரி. ஸ்விட்ச் பத்தி கம்பி சொன்னதும் பார்க்க சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இடிக்குது.

எது எரியுது, எது எரியலைன்னு பார்த்து வழியைக் குறுக்குறது நல்ல முறை. ஒரு பக்கம் மட்டும் எரியலைன்னா அந்தப் பக்க பல்பு, ஹோல்டர், எர்த். மூணுமே எரியலைன்னா ஃப்யூஸ், ஸ்விட்ச், அதுக்கு வர்ற கரண்ட். மேல எரிஞ்சு கீழ ரெண்டும் எரியலைன்னா, ரெண்டுக்கும் ஒயர் பிரியுற இடத்துக்கு அப்புறம் எங்கயோ. பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே ஃபிலமென்ட்ல ஓடுற மாடலா இருந்தா, பிரேக் கரண்ட் ஸ்டீயரிங்ல இருக்குற இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாத்தான் பின்னாடி போகும், அந்த காண்டாக்ட் தேய்ஞ்சாலும் இதே அறிகுறி வரும். உங்க வண்டியில இண்டிகேட்டர் தனி பல்புன்னா அதை விட்டுடுங்க.

ஆனா இந்தக் கணக்கு எல்லாமே, மூணு விளக்கையும் ஒரே நேரத்துல, ஒரே நிலைமையில பார்த்திருந்தாத்தான் செல்லும். அதனால கேக்குறேன்: மூணாவது லைட் எரியுதுன்னு பார்த்தப்போ கீழ ரெண்டு பல்பும் மாட்டியிருந்துச்சா, கழட்டி வச்சிருந்தீங்களா?

அடுத்தது அந்த 12.4 வோல்ட். சாதாரண டிஜிட்டல் மீட்டரோட உள் தடை 10 மெகா ஓம் அளவு. அது ஒயர்ல இருந்து ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். ஒயர்ல எல்லா நூலும் அறுந்து ஒரே ஒரு நூல் தொங்கினாலும், காண்டாக்ட் முழுக்க பச்சை பிடிச்சிருந்தாலும் அந்த 12.4 அப்படியே தெரியும். ஒரு 21 வாட் ஃபிலமென்ட் கேக்குறது 1.75 ஆம்பியர், ரெண்டுக்கும் சேர்த்து 3.5. அதைக் கொடுக்க முடியுதான்னு மீட்டர் சொல்லாது. பல்பை மாட்டி, பெடலை மிதிக்கச் சொல்லி, ஹோல்டருக்குப் பின்னாடி ஒயர் நுழையுற இடத்துல குண்டூசியைச் சொருகி அளங்க. அப்படியே எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல எவ்வளவுன்னு பாருங்க. அது 0.1, 0.2க்குள்ள இருந்தா எர்த் மேல பழி போட வேண்டாம்.

#6 இருசக்கரன்

இடையில நுழையுறேன், மன்னிக்கணும். என் பைக்ல முன் பிரேக் பிடிச்சா லைட் எரியுது, கால் பிரேக் மிதிச்சா எரியலை. இதுவும் இந்த இழையில கேக்கலாமா?

#7 பெடல்ராஜா

கேளுங்க, இது சுலபம். பைக்ல ரெண்டு ஸ்விட்ச், ஒண்ணோட ஒண்ணு பக்கவாட்டுல இணைச்சது. ஒண்ணுல எரியுதுன்னா பல்பு, ஃப்யூஸ், எர்த் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். மிச்சம் பின் ஸ்விட்ச், அதோட ஸ்பிரிங், அதோட கப்ளர். கால் பெடலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது கழண்டு தொங்கும் இல்லைன்னா இழுபட்டு நீண்டிருக்கும். அட்ஜஸ்ட் பண்ணணும்னா ஸ்விட்ச் உடம்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் திருப்புங்க. உடம்பைத் திருப்பினா கீழ ஒயர் முறுக்கி அறுந்துடும்.

#8 ஒத்தைவிளக்கு

மீட்டர்கை கேட்டதைப் பார்த்தேன். விசித்திரமா இருக்கு.

கீழ ரெண்டு பல்பையும் கழட்டிட்டு மிதிச்சா மூணாவது லைட் பளிச்சுன்னு எரியுது. ரெண்டையும் மாட்டிட்டு மிதிச்சா மூணாவதும் அணைஞ்சிடுது! ஒரே ஒரு பல்பு மட்டும் மாட்டினா அதுக்குள்ள ஃபிலமென்ட் சிவப்பு நூல் மாதிரி தெரியுது, மேல எதுவும் இல்லை. இத்தனை நாளும் டிக்கியைத் திறந்து வச்சுத்தான் வேலை பார்த்தேன், அப்போ மூணாவது லைட் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

அளவு: ரெண்டு பல்பும் மாட்டி மிதிச்சா ஹோல்டர்ல 1.8 வோல்ட். எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.02.

#9 செம்புக்கம்பி

0.02ஆ! சரி, எர்த் நிரபராதி. என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பல்பு மாட்டினா மேல ஏன் அணையுது? அதுக்குத் தனி ஒயர் போகுதே.

#10 மீட்டர்கை

அதுதான் இந்த வண்டியோட மொத்தக் கதையும்.

மேல எல்இடி. அதுக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம் கரண்ட். கீழ பல்பு இல்லாதப்போ, வர்ற வழியில 8, 10 ஓம் தடை இருந்தாலும் அதைத் தாண்டி எல்இடிக்கு வேண்டியது கிடைச்சுடும், பளிச்சுன்னு எரியும். பல்பு மாட்டின உடனே அது ஆம்பியர் கணக்குல இழுக்குது. அணைஞ்ச ஃபிலமென்ட்டோட தடை எரியும்போது இருக்குறதுல பத்துல ஒரு பங்குதான், அதனால முதல்ல இழுக்குறது இன்னும் அதிகம். வோல்ட் முழுக்க அந்தத் தடையிலயே விழுந்துடும். மிஞ்சுற 1.8 வோல்ட்ல எல்இடி கண் திறக்காது.

கீழ பல்பு போட்டதும் மேலயும் அணையுதுன்னா, தடை இருக்குறது ரெண்டுக்கும் பொதுவான பாதையில. பிரியுற இடத்துக்கு முன்னாடி. அதாவது பேட்டரியில இருந்து ஃப்யூஸ், ஃப்யூஸ்ல இருந்து ஸ்விட்ச், ஸ்விட்ச்ல இருந்து பின்னாடி பிரியுற வரைக்கும். டிக்கியில இனி வேலை இல்லை, முன்னாடி வாங்க.

ரெண்டு பல்பும் மாட்டியே இருக்கட்டும். மீட்டரோட கருப்பு ஊசியை பேட்டரி மைனஸ்ல நிரந்தரமா கட்டிடுங்க. பெடலை மிதிச்சபடி ஸ்விட்சோட வெளிப் பின் (கரண்ட் வெளிய போறது), அப்புறம் உள்பின் (உள்ள வர்றது), அப்புறம் ஃப்யூஸ் தலையில தெரியுற ரெண்டு உலோகப் புள்ளின்னு பின்னோக்கிப் போங்க. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல 2ல இருந்து 12க்குக் குதிக்குதோ, கோளாறு அந்த ரெண்டுக்கும் நடுவுல. மிதிக்க ஆள் இல்லைன்னா சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையைக் கொடுங்க, ஆனா ரொம்ப நேரம் வேண்டாம். பத்து வோல்ட் விழுந்து, ஒரு ஆம்பியருக்கு மேல ஓடுது, ஒரே ஒரு சின்ன இடத்துல பத்து வாட்டுக்கு மேல சூடு. கை வச்சுத் தேடினாலே கிடைக்கும். பிளாஸ்டிக் கருகின வாசனையும் இருக்கும்.

#11 கியர்வண்டி

எனக்கு நேர் எதிர் பிரச்சினை. ஆட்டோமேட்டிக் வண்டி. பூட்டிட்டுப் போன பிறகும் பிரேக் லைட் மூணும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. காலையில பேட்டரி இறங்கிக் கிடக்கு. இன்னொண்ணு, முன்னெல்லாம் பிரேக் மிதிச்சாத்தான் கியர் லீவர் பி-யில (பார்க்) இருந்து வெளிய வரும், இப்போ மிதிக்காமலே வருது. ஸ்விட்ச் உள்ள ஒட்டிக்கிச்சா?

#12 பெடல்ராஜா

இதுல என் ஆசைப்படி ஸ்விட்ச்னு சொல்லிடலாம், ஆனா முதல்ல குனிஞ்சு காலடியில விரிச்சிருக்குற மேட்டைப் பாருங்க. பெடல் தண்டுல, ஸ்விட்ச் மூக்கு வந்து முட்டுற இடத்துல ஒரு ஓட்டை இருக்கும், அதுல ஒரு குட்டி ரப்பரோ பிளாஸ்டிக்கோ அடைச்சிருப்பாங்க. வருஷம் ஆக ஆக அது காய்ஞ்சு நொறுங்கி விழும். விழுந்தா ஸ்விட்ச் மூக்கு அந்த ஓட்டைக்குள்ளயே போயிடும், பெடல் மேல வந்தாலும் மூக்கை அழுத்த ஆள் இல்லை. வண்டிக்கு எப்பவும் பிரேக் மிதிச்ச மாதிரியே தோணும். அதனாலதான் லீவர் பூட்டும் திறந்து கிடக்கு. குரூஸ் கண்ட்ரோல் இருந்தா அதுவும் பிடிக்காது.

லீவர் பூட்டு இல்லாம நிக்குற வண்டி ஆபத்து, வீட்டுல குழந்தைங்க இருந்தா இன்னும். இன்னைக்கே பாருங்க. அதுவரைக்கும் ராத்திரி பேட்டரி மைனஸைக் கழட்டி வைங்க.

#13 மீட்டர்கை

ராஜா சொன்னதுக்கு மறுபக்கம்: ஸ்விட்ச் காண்டாக்ட் சேராமலே போனா, பிரேக் லைட்டும் எரியாது, லீவரும் பி-யை விட்டு நகராது, பட்டன் ஸ்டார்ட் வண்டியா இருந்தா எஞ்சினும் பிடிக்காம போகலாம். இந்த மாதிரி ரெண்டு மூணு தொந்தரவு ஒண்ணா வந்தா டிக்கிப் பக்கமே போக வேண்டாம்.

#14 ஒத்தைவிளக்கு

கிடைச்சிடுச்சு! படத்தை ஏத்த முடியலை, எழுதுறேன்.

ஸ்விட்ச் வெளிப் பின் 1.8. உள்பின் 1.9. ஃப்யூஸ் தலையில ரெண்டு புள்ளியிலயும் 12.3. அப்போ ஃப்யூஸ் நல்லது, ஆனா ஃப்யூஸ்க்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல பத்து வோல்ட் காணாம போகுது. ஒயர் நடுவுல அறுந்திருக்கும்னு நினைச்சு டேஷ்போர்டுக்கு அடியில படுத்துத் தேட ஆரம்பிச்சேன். அப்புறம் சூடு ஞாபகம் வந்து ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் கை வைக்க முடியலை.

உருவினா ஒரு கால் மட்டும் காவி நிறத்துல இருக்கு. ஃப்யூஸ் பெட்டியில அந்தக் குழியோட ஓரம் உருகி உள்வாங்கியிருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா குழிக்குள்ள ரெண்டு மூணு செம்பு நூல் கிடக்கு. முன்னாடி வச்சிருந்தவர் ஏதோ கேமராவுக்கோ சார்ஜருக்கோ கரண்ட் எடுக்க, ஃப்யூஸ் கால்ல ஒயரைச் சுத்திக் குழியில திணிச்சிருக்கணும். அந்த ஒயர் இப்போ இல்லை.

#15 செம்புக்கம்பி

ஃப்யூஸ் காலோட ஒயர் சொருகுற பழக்கம்! குழிக்குள்ள இருக்குறது ரெண்டு மெல்லிய தகடு, ஸ்பிரிங் மாதிரி ஃப்யூஸ் காலைக் கவ்வணும். கூடவே ஒயரைத் திணிச்சா தகடு விரிஞ்சுடும். ஒயரை எடுத்த பிறகும் விரிஞ்ச தகடு விரிஞ்சதுதான். ஃப்யூஸ் சும்மா உரசிக்கிட்டு நிக்கும், உரசுற இடம் சூடாகும், சூட்டுல கருக்கும், கருக்கினா தடை ஏறும், இன்னும் சூடாகும்.

ஃப்யூஸ் தலையில ரெண்டு பக்கமும் 12 தெரிஞ்சது பலரை ஏமாத்துற இடம். அந்தப் புள்ளிகள் ஃப்யூஸோட சொந்த உலோகம். அதுக்குக் கீழ கால், குழியைத் தொடுற இடம் அளவுல வர்றதே இல்லை. வெளிய போற கால் சரியாத் தொடலைன்னா தலையில ரெண்டும் 12 காட்டும். உள்ள வர்ற கால் தொடலைன்னா ரெண்டும் 2 காட்டும், அப்போ ஆளுங்க பேட்டரிப் பக்கம் தேட ஓடுவாங்க.

#16 பெடல்ராஜா

ஒத்தை, நோஸ் பிளையரால குழியைக் கொஞ்சம் நெருக்கி விட்டுட்டு ஃப்யூஸை அழுத்திச் சொருகுங்க, எரிஞ்சிடும். நான் அப்படித்தான் பலதை ஓட்டியிருக்கேன்.

#17 மீட்டர்கை

எரியும், எவ்வளவு நாளைக்கு? ஒரு தடவை சூடு பட்ட தகட்டுக்கு ஸ்பிரிங் வேகம் போயிடும். நெருக்கினாலும் நாலு பள்ளத்துல குலுங்கினா மறுபடி விரியும். அதுவும் பிரேக் லைட்டு, பின்னாடி வர்றவன் பார்க்குறது.

பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, ஃப்யூஸ் பெட்டியைத் திருப்பி, அந்தக் குழிக்குள்ள இருக்குற தகடு, அதாவது டெர்மினல், அதோட நாக்கை அமுக்கி பின்பக்கமா உருவுங்க. ஒயர் முனை கருத்திருந்தா பளபளப்பான செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அதே அளவு புது டெர்மினலைச் சரியான கிரிம்பிங் கருவியால பிடிங்க. குழி பிளாஸ்டிக் உருகிப் போனதால டெர்மினல் ஆடினா, அந்தக் குழியைக் கைவிட்டுட்டு, மேல மூடி போட்ட ஒரு ஃப்யூஸ் ஹோல்டரை ஒயர்ல இணைச்சுடலாம். ஆனா உள்ள வர்ற பக்கமும் அந்தக் குழியைத் தாண்டித்தான் எடுக்கணும், அதை மறந்துடாதீங்க. ஃப்யூஸ் மூடியில எழுதியிருக்குற ஆம்பியர்தான். 15ன்னா 15. "சூடாகுதே, 20 போடுவோம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இங்க சூடானது தொடுற இடம். ஃப்யூஸ் அளவு பெரிசானா அது குறையாது, ஒயருக்குக் காவல்தான் போகும்.

கேமராவுக்குக் கரண்ட் வேணும்னா அதுக்குன்னே ரெண்டு ஃப்யூஸ் சொருகுற அடாப்டர் விக்குது. அதையும் பிரேக், ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ்ல மட்டும் போடாதீங்க.

#18 நீலஒளி

தாமதமா வர்றேன். இவ்வளவு தொல்லைக்கு, கீழயும் எல்இடி பல்பு மாட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே? கரண்டும் கம்மி, வேகமாவும் எரியும்.

#19 செம்புக்கம்பி

எரிஞ்சிருக்கும், கருகுறதும் மெதுவா நடந்திருக்கும், யாருக்கும் தெரியாம. நோயை விட்டுட்டு வலிக்கு மட்டும் மருந்து.

வேகம் உண்மைதான். ஃபிலமென்ட் சூடாகி முழு வெளிச்சம் வர எல்இடியை விட 0.2 விநாடி அளவு கூட எடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பின்வண்டிக்கு அது அஞ்சரை மீட்டர் தூரம். அதனால எல்இடிக்காகவே செஞ்ச விளக்கு வேற விஷயம். ஃபிலமென்ட் பல்புக்குன்னு வளைச்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பைச் சொருகினா வெளிச்சம் போற திசை மாறும், பிரேக்குக்கும் டெயிலுக்கும் வித்தியாசம் குறையும். இரவுல பின்னாடி நின்னு பார்த்தாத் தெரியும்.

#20 மீட்டர்கை

இதைப் படிச்சுட்டுப் புது வண்டியில இறங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. இப்போ வர்ற பல வண்டிகள்ல பிரேக் ஸ்விட்ச் பல்புக்கு நேரா கரண்ட் அனுப்புறது இல்லை. பாடி கண்ட்ரோல் மாட்யூல்ங்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்கு "மிதிச்சாச்சு"ன்னு சேதி மட்டும் சொல்லும், பல்பை எரிக்கிறது மாட்யூல். ஷார்ட் ஆனா ஃப்யூஸ் போகாது, மாட்யூலே அந்த வழியை அடைச்சுடும், சில வண்டியில சாவியை அணைச்சுப் போட்டாத்தான் திறக்கும். டெயில் லைட்டையும் பிரேக்கையும் ஒரே ஃபிலமென்ட்ல, கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து மங்கல், பளிச்சுன்னு காட்டுறதும் உண்டு. அங்க மீட்டர் காட்டுற வோல்ட் சராசரிதான், அதை வச்சு முடிவு எடுக்க முடியாது. வண்டியோட கோளாறு குறியீட்டைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகி, பெடல் மிதிக்கும்போது பிரேக் ஸ்விட்ச் நிலை மாறுதான்னு நேரலையில பாருங்க. அதுல பி0571ங்கிற குறியீடு வந்தா ஸ்விட்ச் சர்க்யூட்டைக் குறிக்கும். பி0504 வந்தா, ஸ்விட்சுக்குள்ள இருக்குற ரெண்டு காண்டாக்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலைன்னு அர்த்தம். அதுக்கு ராஜா சொல்ற அட்ஜஸ்ட்மென்ட்டும் காரணமா இருக்கலாம்.

நான் மீட்டரை விட அதிகம் நம்புறது ஒரு பழைய 21 வாட் பல்பு, ரெண்டு ஒயர் பற்றவச்சது. பழைய வண்டி வயரிங்ல, ஹோல்டர்ல கொடுத்தா எரியுதா எரியலையான்னு அதுவே சொல்லிடும். மாட்யூல் ஒயர்லயும் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்லயும் மட்டும் அதைக் கொண்டு போகாதீங்க.

#21 ஒத்தைவிளக்கு

டெர்மினல் மாத்தியாச்சு. பிளாஸ்டிக் ஓரம்தான் உருகியிருந்தது, நடுவுல பிடி நல்லா இருக்கு, அதனால அதே குழிதான். மூணு விளக்கும் எரியுது. பல்பு மாட்டின நிலையில ஹோல்டர்ல 12.0, பேட்டரியில 12.3. பத்து நிமிஷம் கட்டை கொடுத்து மிதிச்சு வச்சு ஃப்யூஸைத் தொட்டேன், லேசான வெதுவெதுப்புதான்.

கழட்டின பழைய ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு, மீட்டர்ல ஒழுங்கா சேருது, விடுது. ராஜாண்ணே, வேணுமா?

#22 பெடல்ராஜா

கம்பெனி ஸ்விட்சா? அப்படின்னா அதையே திருப்பி மாட்டிட்டு புதுசைப் பெட்டியில போட்டு வைங்க.

#23 கியர்வண்டி

மேட்டுக்கு அடியில பச்சை நிற பிளாஸ்டிக் தூள் கிடந்துச்சு! பெடல் தண்டுல ஓட்டை காலி. ஸ்விட்ச் மூக்கை விரலால அழுத்தினா லைட் அணையுது. புது ரப்பர் வர்ற வரைக்கும் அந்த ஓட்டையில என்ன வைக்கலாம்?

#24 பெடல்ராஜா

ஓட்டைக்குப் பொருந்துற போல்ட், தலை தட்டையா இருக்கணும், பின்னாடி நைலான் உள்ள நட். தலை ஸ்விட்ச் பக்கம் வரட்டும். முறுக்கின பிறகு பெடல் முழுசா மேல வருதான்னும், எங்கயும் உரசலையான்னும் பாருங்க. லீவர் மறுபடி பி-யில பூட்டுதான்னு மிதிக்காம ஒரு தடவை இழுத்துப் பார்த்துடுங்க. ரப்பர் வாங்கும்போது ஓட்டையோட விட்டத்தை அளந்துட்டுப் போங்க, மாடலுக்கு மாடல் மாறும்.